அரை இழுப்பில் ஓடிய டில்லர்

அன்பு மகள் குட்டிம்மாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம் என்று எழுதத்தான் கை போகிறது, பழக்கம், ஆனால் இந்தத் தடவை அது முழு உண்மை இல்லை. என்ன என்பதைக் கீழே எழுதுகிறேன், பதறும்படி ஒன்றும் இல்லை, வரிசையாகப் படி. நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு நன்றாக இருக்கவேண்டும். போன் இருக்கும்போது இந்த மனுஷன் ஏன் பேப்பரையும் பேனாவையும் எடுத்தார் என்று நினைப்பாய். போனில் பேச எனக்கு நாக்கு எழவில்லை. அன்றைக்கு நான் பேசிய பேச்சுக்குப் பிறகு, நான் காலையில் நடக்கப் போகிற நேரமாகப் பார்த்து அம்மாவிடம் மட்டும் பேசிவிட்டு வைத்துவிடுகிறாய். எனக்குத் தெரியாமல் இல்லை. உன்மேல் தப்பும் இல்லை.

நீ வாங்கி அனுப்பிய தோட்டம் உழுகிற டில்லரைச் சொல்லி, கடையில் கழித்துப் போட்ட மிஷினைப் பொறுக்கியெடுத்து அப்பன் தலையில் கட்டிவிட்டாய் என்றேன். தூர இருந்துகொண்டு சாமான் வாங்கி அனுப்பினால் பாசம் ஆகிவிடுமா என்றும் கேட்டேன். நீ ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை, சரிப்பா என்று மட்டும் சொன்னாய். கோபத்தில் வந்துவிட்டது என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன், கோபப்பட எனக்கு அங்கே ஒரு நியாயமும் இருக்கவில்லை. எப்படி என்று கேள்.

மழை மாதங்களில் டில்லரைப் பின்பக்கத் தகரக் கொட்டகையில் மூடிவைத்தேன் அல்லவா, டேங்கில் பெட்ரோலை அப்படியே விட்டுவிட்டேன். நிறுத்தி வைப்பதென்றால் பெட்ரோலை அடைத்துவிட்டு உள்ளே மிச்சம் இருப்பது தீரும்வரை ஓடவிடு என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவன் நான். வெயில் வந்ததும் திறந்து பார்த்தால் கார்புரேட்டருக்குள் பிசின் கட்டியிருந்தது. பிரித்துக் கழுவினேன், ஏர் ஃபில்டர் பஞ்சை சோப்புத் தண்ணீரில் அலசி நிழலில் காயப்போட்டேன், பிளேடுகளுக்கு நடுவில் அச்சில் சுற்றிக்கிடந்த புல்லையும் சணல் கயிற்றையும் கத்தியால் அறுத்தெடுத்தேன், ஆயில் மாற்றினேன். இத்தனையும் செய்து சோக்கைப் போட்டுக் கயிற்றை இழுத்தால் தும்முகிறதே தவிரப் பிடிக்கவில்லை. ஸ்பார்க் பிளக் போய்விட்டது என்றேன், புதிது அனுப்பினாய். கயிறு நைந்துவிட்டது என்றேன், அதையும் அனுப்பினாய். அப்படியும் ஓடவில்லை. படுத்தால் வலது தோள் குடைகிறது, மிஷினோடு மல்லுக்கு நின்ற வலி என்று தைலம் தேய்த்துக்கொண்டேன்.

அப்புறம் கார்புரேட்டரை இன்னொரு தடவை கழுவிப் பூட்டிய மறுநாள், நடந்துவிட்டு வந்து இழுத்தேன், அரை இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது. அதற்கப்புறம் தினமும் அப்படியேதான். எனக்குத் தலைகால் புரியவில்லை. பஸ் ஒர்க்‌ஷாப்பில் பெரிய பெரிய இன்ஜினைப் பிரித்துப்போட்ட கைக்கு இந்தச் சுண்டைக்காய் இன்ஜின் எம்மாத்திரம் என்று உனக்குப் போன் போட்டு அளந்தேனே, நினைவிருக்கும். தெருவில் கேட்டவர்கள் தோட்டத்தையெல்லாம் உழுது கொடுத்தேன். கோடி வீட்டுப் பேக்கரிக்காரரிடமும் இதே மாதிரி டில்லர் இருக்கிறது, அவரை வெயிலில் நிற்கவைத்துக் கார்புரேட்டரைக் கழுவுவது எப்படி என்று வகுப்பே எடுத்தேன். நீங்க சொன்னா சரிதாண்ணே, என்று பொறுமையாகத் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார், நல்ல மனுஷன்.

இதற்கு நடுவில் அம்மா, சித்தி வீட்டில் ஒரு வாரம் இருந்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பிப் போனாள். மறுநாள் காலையில் மிஷின் அசையவில்லை. எதிர் வீட்டு நர்ஸம்மா கத்தரி நாற்று வாங்கி வைத்துக்கொண்டு, எப்போது உழுவீர்கள் என்று வாசலில் நிற்கிறார். நான் இழுக்கிறேன், இழுக்கிறேன், சட்டை நனைந்ததுதான் மிச்சம். இருக்கட்டும்யா, இன்னொரு நாள் பாத்துக்கலாம், என்று அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டுப் போனார். அந்த அவமானத்தை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல் உனக்குப் போன் போட்டேன். அதுதான் அந்தப் போன்.

அம்மா அன்றைக்குச் சாயங்காலமே திரும்பிவிட்டாள். என்னம்மா ஒரு வாரம் என்றாய் என்றதற்கு, மனசு கேக்கலை, என்றாள். மறுநாள் காலையில் மிஷின் பழையபடி அரை இழுப்பில் ஓடியது. ஒருநாள் ரெஸ்ட் கேட்டிருக்கும்போல, என்று சொல்லிச் சிரித்தேன். உன்னிடம் கத்தினோமே, ஒரு வார்த்தை சொல்வோம் என்று அப்போதுகூட எனக்குத் தோன்றவில்லை பார்.

போன வாரம் நடக்கப் போனவன் பாதி வழியில் தூறல் பிடித்துக்கொண்டதால் திரும்பிவிட்டேன். சந்து வழியாகப் பின்பக்கம் வரும்போது டில்லர் சத்தம். யாரோ எடுத்துவிட்டார்கள் என்று வேகமாக வந்தால், கொட்டகைக்குள் உன் அம்மா. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு காலை மிஷின்மேல் ஊன்றிக்கொண்டு நிற்கிறாள், சோக்கை மெல்ல மெல்லத் தள்ளுகிறாள், இன்ஜின் சீராக ஓடியதும் கொஞ்ச நேரம் காதை வைத்துக் கேட்கிறாள், நிறுத்துகிறாள், கயிற்றுப் பிடியைத் துணியால் துடைத்து நான் வைக்கிற மாதிரியே வைத்துவிட்டு அடுப்படிக்குப் போகிறாள். பாட்டில் மூடி திறக்கக்கூட நான்தான் வரவேண்டும் என்று நாலு பேர் நடுவில் கேலி பேசுவேனே, அந்த அம்மாதான். குளிர்ந்த இன்ஜினைத் தோள் பலத்தோடு வேகமாக இழுக்கவேண்டும், சூடாக இருக்கிற இன்ஜின் லேசாக இழுத்தாலே பிடித்துக்கொள்ளும் என்பது ஒர்க்‌ஷாப்பில் புதிதாகச் சேர்ந்தவனுக்குக்கூடத் தெரியும். சைலன்சர் பக்கம் ஒரு தடவை கையைக் கொண்டுபோயிருந்தால் எனக்கும் தெரிந்திருக்கும். ஓடுகிற மிஷினை யார் தொட்டுப் பார்க்கிறார்கள். பழுது மிஷினில் இல்லை, என் தோளில். அதை நான் மழையில் சந்தில் நின்றுகொண்டு தெரிந்துகொண்டேன்.

அப்போதும் நான் ஒழுங்காக நடந்துகொள்ளவில்லை. மறுபடி தெருவைச் சுற்றிவிட்டு, ஒன்றும் பார்க்காதவன் மாதிரி வாசல் வழியாக வந்தேன். தூறல் விட்டதும் போய் இழுத்தேன், பிடித்துக்கொண்டது. பாத்தியா, என் கை பட்டாத்தான் இது கேக்கும், என்று தினமும் அடுப்படியைப் பார்த்துச் சொல்வேன், அன்றைக்கும் சொல்லிவிட்டேன், வாய் தானாகச் சொல்லிவிட்டது. ஆமாமா, என்றாள் உள்ளேயிருந்து. கேலியாகச் சொல்லியிருந்தாலாவது தேவலை. அப்புறம்தான் இன்னொன்று உறைத்தது, நான் இல்லாதபோது தினமும் காலையில் டில்லர் ஓடும் சத்தம் தெரு முழுக்கக் கேட்டிருக்கும். பேக்கரிக்காரருக்கும் தெரியும், நர்ஸம்மாவுக்கும் தெரியும். நான் வகுப்பெடுத்தபோது பேக்கரிக்காரர் தலையாட்டியதை நினைத்தால் இப்போதும் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று இருக்கிறது, இரண்டு நாள் அந்தப் பக்கமே போகாமல் சுற்றிக்கொண்டு கடைக்குப் போனேன்.

மூன்றாம் நாள் நடக்கப் போவதாகச் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளிவாசல் வரை போய்த் திரும்பி நேராகக் கொட்டகைக்கு வந்தேன். அம்மா துணியும் கையுமாக நின்றிருந்தவள் திடுக்கிட்டாள், தூசி தட்ட வந்தேன், என்றாள். நான் டில்லரின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, நான் பிடிச்சுக்கிறேன், நீயே இழு, என்றேன். அவள் இழுக்கவில்லை. வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து அழுதுவிட்டாள். மாட்டிக்கொண்டவன் நான், அழுகிறவள் அவள். அன்றைக்கே என்னை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். அவர் கையைத் தூக்கச் சொன்னார், தூக்கினேன், இன்னும் தூக்குங்க, என்றார், இவ்வளவுதான் என்றேன். தோளில் தசைநார் கிழிந்திருக்கிறதாம், பழைய கிழிசலாம், இழுத்து இழுத்து நானே பெரிதாக்கியிருக்கிறேன். ஆபரேஷன் வேண்டாம், பயிற்சி செய்தால் வலி குறையும், கயிறு மட்டும் இனி இழுக்கக்கூடாது என்றிருக்கிறார். இதுதான் உடம்பு விஷயம், வேறு ஒன்றும் மறைக்கவில்லை.

இனி எழுதப்போவதை எழுதாமல் முடித்துவிடலாமா என்று நேற்று பேனாவை மூடி வைத்துவிட்டேன். வாளிமேல் உட்கார்ந்து அம்மா சொன்னதைச் சொல்கிறேன். நீ போன தடவை வந்திருந்தபோது, கொடியில் காய்ந்த சட்டையை நான் இடது கையால் எடுத்ததைப் பார்த்து, அப்பாவுக்குத் தோளில் என்னமோ இருக்கு, கேட்டா சண்டைக்கு வருவாரு, என்று அவளிடம் சொன்னாயாமே. இன்ஜினைச் சூடு பண்ணி வைக்கச் சொன்னதும் நீ, சோக்கை எப்போது தள்ளவேண்டும் என்று போனிலேயே சொல்லிக்கொடுத்ததும் நீ. உங்க கையில பலம் போச்சுன்னு யாராவது சொன்னா நீங்க அப்படியே உட்கார்ந்துடுவீங்கன்னு ரெண்டு பேருக்கும் பயம், என்றாள். அப்படியானால் நான் உன்னிடம் அந்தக் கத்துக் கத்தும்போது உனக்கு எல்லாம் தெரியும். கோளாறு மிஷினில் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் வாய் அடைத்திருக்கும். நீ சொல்லவில்லை. என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, போனை வைத்த கையோடு சித்தி வீட்டுக்குப் போன் பண்ணி, அம்மா நீ உடனே வீட்டுக்குப் போ, அப்பா இழுத்து இழுத்துத் தோளை இன்னும் கெடுத்துக்கப் போறாரு, என்று சொல்லியிருக்கிறாய்.

குட்டிம்மா, உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன், அப்பா பெண்ணிடம் கேட்பதா என்று யோசிக்காதே, கேட்கத்தான் வேண்டும். இப்போது அம்மா எல்லோரும் பார்க்கத் தெருவிலேயே கயிற்றை இழுக்கிறாள், நான் பக்கத்தில் நிற்கிறேன், முதல் நாள் யாருடைய தோட்டத்துச் செடியையோ முறைத்துப் பார்த்துக்கொண்டு நின்றேன், இரண்டாம் நாளிலிருந்து பழகிவருகிறது. பட்டன் ஸ்டார்ட் மிஷின் பார்க்கிறேன் என்று அம்மாவிடம் சொன்னாயாம், வேண்டாம், இது நல்ல மிஷின், நீ பார்த்து வாங்கியது. இன்னொன்றும் சொல்ல வேண்டும், இனிமேல் அப்பா தப்பாகப் பேசினால் அங்கேயே நிறுத்து. என் மனசு நோகக்கூடாது என்று நீ திட்டு வாங்காதே.

வேலையில் உனக்கு நல்ல பேர் வரட்டும், உடம்பு நன்றாக இருக்கட்டும், நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும் என்று அம்மாவும் நானும் வாழ்த்துகிறோம். நாளையிலிருந்து நான் சாயங்காலம்தான் நடக்கப் போவேன், நீ போன் பண்ணுகிற காலை நேரத்தில் வீட்டில் இருப்பேன், மணி அடித்தால் நான்தான் எடுப்பேன். என் குரலைக் கேட்டதும் வைத்துவிடாதே. அம்மாகிட்ட குடுங்க என்று சொல்வதற்கு முன்னால் என்னிடம் ஒரு நிமிஷம் பேசு.

இப்படிக்கு,
உன் அப்பா