திரைக்கு அடங்காத வரி

மார்ச் 3
அக்காவுக்குப் பேச்சு நின்று இருபத்தொரு நாள். வலது ஆட்காட்டி விரல் மட்டும் அசைகிறது. தொட்டால் குரல் வரும் சொற்பலகை ஒன்றை டேப்லெட்டில் செய்கிறேன். வீடியோ பார்த்துக் கற்ற கோடிங்தான். கணக்கு நோட்டில் கட்டத்துக்கு ஓர் எழுத்து எழுதுவது என் வழக்கம். அதே மாதிரி எழுத்தை எண்ணிப் பெட்டிக்கு அகலம் வைத்தேன்.

மார்ச் 5
ஆஸ்பத்திரியில் மானம் போனது. ‘கண்ணாடி வேணும்’ பெட்டிக்கு வெளியே வால் நீட்டுகிறது. ‘ர’ ஒல்லி, ‘ண’ குண்டு. எல்லாருக்கும் ஒரே சட்டை தைத்திருக்கிறேன். கட்டிலோரம் இருந்த அத்தான் பல நாள் கழித்துச் சிரித்தார். “உன் நோட்டுல இருக்கற கட்டம் அதுக்குத் தெரியுமாம்மா?”

மார்ச் 6
கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவர்: “எண்ணாதீங்க மேடம். அந்த எழுத்துருவுல எவ்வளவு அகலம் வருதுன்னு மெஷினையே கேளுங்க.” கேட்டேன், சொன்னது. வீட்டுக் கம்ப்யூட்டரில் சரி. டேப்லெட்டில் மறுபடி வால். ஏன்? பிரார்த்தனையில்கூட மனம் அளந்துகொண்டே இருக்கிறது.

மார்ச் 8
டேப்லெட்டில் எழுத்துரு வந்து இறங்குமுன்பே அளந்திருக்கிறேன்! ஆள் வராமலே அளவெடுத்த தையல்காரி. காத்திருந்து அளக்க வைத்தேன். எல்லாம் அடங்கின. கடவுளே, நன்றி.

மார்ச் 12
அக்கா தொடுவதை நோட்டில் குறிக்கிறேன். தண்ணி 6. வலி 4. ‘வீட்டுக்குப் போகணும்’ 19. நீள வரி, பெட்டியும் பெரிது. கை தவறிப் படுகிறது போலும்.

மார்ச் 17
அக்கா விரல் நடுங்குகிறது, எழுத்தைப் பெரிதாக்கினேன். அளந்தால் ‘வீட்டுக்குப் போகணும்’ மட்டும் திரையை மீறுகிறது. எடுத்துவிட்டேன்.

மார்ச் 18
அந்த வெற்றிடத்தையே தொடுகிறாள். குரல் வரவில்லை. மறுபடி தொடுகிறாள் — ஐயோ, என்ன பண்ணிட்டேன்! அவ வாய்ல மிச்சமிருந்த பேச்சை நானே பிடுங்கிட்டேனே. ரெண்டு வரியா மடிச்சு வைக்கக்கூடத் தோணலையே எனக்கு?

மார்ச் 19
மடித்துத் திரும்ப வைத்தேன். டாக்டர் எதிரிலேயே தொட்டாள். “மூச்சுக்கு வச்ச குழாய் இருக்கும்மா. இப்ப எப்படி அனுப்ப?” அத்தான் சுவரைப் பார்த்து நின்றார். இன்று மட்டும் 31. என் கையில் என்ன இருக்கிறது? குறிக்கிறேன்.

மார்ச் 27
‘வீட்டுக்குப் போகணும்’ 8.

ஏப்ரல் 2
டாக்டரே வந்து சொன்னார். “இனிமே இங்க வச்சுப் பிரயோஜனமில்லம்மா. கூட்டிட்டுப் போங்க.” இந்த வரத்தையா நான் கேட்டேன்?

ஏப்ரல் 4
அக்கா வீடு. அவள் கட்டில், அவள் ஜன்னல். பலகையிலிருந்து அந்த வரியை எடுத்தேன். அவள் விரல் அந்த இடத்தைத் தேடவில்லை.