அழைகல்லில் கிடந்த புனல்

கேனட் துறை,
23 செப்டம்பர் 1956

அன்பு மகன் சிரிலுக்கு, இங்கே அம்மாவும் நானும் பிரைடியும் மூச்சோடு இருக்கிறோம், டொராண்டோவில் நீயும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். எனக்கு எழுத்து வராது, வழக்கம்போல நான் சொல்லச் சொல்ல உன் தங்கைதான் எழுதுகிறாள். (அண்ணா, பிரைடி. அடைப்புக்குறிக்கு வெளியே அப்பா, உள்ளே நான். பள்ளிக்கூடத்தில்தான் என்னை எப்போதும் வெளியே நிறுத்துவார்கள்.) நீ அனுப்பிய கம்பளிச் சட்டை வந்தது, சரியாக இருக்கிறது. மீன் சுமார்தான், வெயிலில்லாமல் பாதி காயவே இல்லை. சேதியைச் சொல்லாமல் சுற்றிச் சுற்றி வருகிறேன். உன் ஆம்புரோஸ் சித்தப்பா போய்விட்டான். இந்த மாதம் மூன்றாம் தேதி காலை, பனிமூட்டத்தில் அவன் படகு அழைகல்லுக்குப் பக்கத்தில் மோதி உடைந்தது. எப்படியோ கல்மேல் ஏறிவிட்டான். ஏறி என் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். நான் துறையில் மீன் அறுத்துக்கொண்டிருந்தேன், கேட்டேன், போகவில்லை.

அந்தக் கல்லைப் பற்றி உனக்குத் தெரியாததில்லை. முழுகிப் போனவர்கள் அங்கிருந்து இரண்டு தடவைதான் கூப்பிடுவார்கள், மூன்றாவது கூப்பாடு உயிருள்ளவனுடையது, அதுவரை நாம் வாய் திறக்கக் கூடாது. (அலைகல்லா அழைகல்லா என்று கேட்காதே, அங்கே இரண்டும் ஒன்றுதான்.) ஆனால் இந்த ஜூலையில் கல் மூன்றையும் கற்றுக்கொண்டது. நாலு நாள் மூட்டத்தில் என்னை மும்மூன்று தடவை கூப்பிட்டது, நாலு நாளும் துடுப்பெடுத்து ஓடினேன், ஒரு ஈ காக்கை இல்லை. திரும்பி வந்தால் துறையே சிரித்தது. கஸ் பயல், "என்ன மைல்ஸ், கல்லு உன்னைக் கட்டிக்கிறேன்னுச்சா?" என்று கேட்டான். மூன்றாம் தேதியும் மூன்று தடவை கேட்டது. "போ மாப்ளே, உன் ஆளு கூப்புடுது" என்றான் கஸ். "கூப்பிட்டுட்டே கெடக்கட்டும் சனியன்" என்றேன் நான். இதை அப்படியே எழுதச் சொல்லியிருக்கிறேன். நாலாவதும் கூப்பிட்டான், ஐந்தாவதும். பிறகு இல்லை. சாயங்காலம் படகுப் பலகை கரை ஒதுங்கியபோதுதான் எங்களுக்கு உறைத்தது. மறுநாள் ஊரே படகில் சுற்றித் தேடியது, அலை யாரையும் கல்லில் இறங்க விடவில்லை.

நேற்றுதான் கடல் அடங்கியது. தண்ணீர் வற்றிய நேரம் பார்த்து பிரைடியோடு அங்கே நடந்து போனேன், காத்துக் கருப்பு அண்டாமலிருக்கச் சட்டைப்பையில் ஆளுக்கொரு ரொட்டித்துண்டு வைத்துக்கொண்டு. உடல் இல்லை. கல்லின் வளைவுக்கு மேலே, அலை எட்டாத திட்டில், உன் அம்மா அவனுக்குப் பின்னிக்கொடுத்த கையுறை இரண்டும் இடுக்கில் செருகியிருந்தன. நீச்சல் தெரியாதவன், கையுறையை நனைக்கக் கூடாதென்று கழற்றி வைத்துவிட்டுத் தண்ணீரில் இறங்கியிருக்கிறான். பக்கத்தில் நம் வீட்டு மண்ணெண்ணெய்ப் புனல், கோடையில் தொலைந்தது. கடல் கொண்டுவந்து போட்டிருக்கும்.

அண்ணா, இனி அடைப்புக்குறி இல்லை, நான் பிரைடிதான். அப்பா தேநீர் குடிக்க எழுந்தார். அலை எட்டாத திட்டுக்குக் கடல் எப்படிப் புனலைக் கொண்டுவரும்? ஜூலையில் தண்ணீர் வற்றும்போது அங்கே நடந்து போய், அதை வாயில் வைத்து "மைல்ஸ்" என்று கூப்பிட்டது நான். மூன்று கூப்பிட்டால்தான் அப்பா வருவார் என்று மூன்று. அவர் படகு வந்ததும் பாறைக்குப் பின்னால் ஒளிந்து, கையைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். கல் கற்றுக்கொண்டது என்கிறார் அப்பா. கற்றுக்கொடுத்தவள் நான். புனலை அந்த இடுக்கில்தான் ஒளித்து வைத்திருந்தேன். நேற்று அது வெளியே கிடந்தது. சித்தப்பா எடுத்திருக்கிறார். அதில்தான் கூப்பிட்டிருக்கிறார், அதனால் அவர் குரல் அவருடையதாக இல்லாமல் என் கல்லின் குரலாக இருந்திருக்கிறது. வாசித்துக் காட்டாமல் அப்பா எந்தக் கடிதத்திலும் குறி போடமாட்டார். இதோ வருகிறார்.

வாசித்துவிட்டேன், ஒரு சொல் விடாமல். எழுந்து வெளியே போனார். நான் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். ஒரு மணி நேரம் கழித்துக் கதவுக்கு வெளியே "பிரைடி" என்றார். கொஞ்சம் பொறுத்து, "பிரைடி" என்றார். மூன்றாவதற்குக் காத்திராமல் திறந்தேன். என்னைப் பார்க்கவில்லை. மேஜையில் உட்கார்ந்து, "எழுது" என்றார்.

மகனே, உன் தங்கை எழுதியதை அழிக்காமல் அனுப்புகிறேன். புனல் அவளுடையது, காது என்னுடையது. நாளைக்கு இருவரும் உன் சித்தியிடம் போய்ச் சொல்லப் போகிறோம். கதவைத் திறப்பாளோ என்னவோ. நீ வேளைக்குச் சாப்பிடு, குளிரில் கழுத்தை மூடிக்கொள், மாதா உன்னோடு இருக்கட்டும். ஒன்று மட்டும் மறக்காதே. அங்கே யார் உன்னைக் கூப்பிட்டாலும் எண்ணிக்கொண்டு நிற்காதே, முதல் கூப்பாட்டுக்கே போ.

உன் அப்பா மைல்ஸ், அவர் குறி: ×
எழுதியவள்: பிரைடி