ஆளில்லாக் கூடாரங்கள்

பதுளை,
19.11.76

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் மூன்று கடிதங்களும் வந்து சேர்ந்தன. பதில் எழுதப் பிந்திவிட்டது. கிடைக்கவில்லை என்று சொல்லவும் வழியில்லை, மூன்றையும் கையெழுத்து வைத்துத்தான் வாங்கினேன். உடம்பளவில் நானும் பிள்ளையும் சுகம். கொழும்பில் நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களோ என்பதுதான் யோசனை.

கௌசலாவுக்குக் கீழே ஒரு பல் வந்துவிட்டது. இரண்டு நாள் வயிற்றோட்டம் இருந்து, டாக்குத்தர் தந்த மருந்தில் நின்றது. நீங்கள் இல்லாத வீட்டில் அவள் தும்மினாலே எனக்குக் கை கால் ஓடுவதில்லை. படித்த படிப்பு ஒன்றும் இதற்கு உதவுகிறதாக இல்லை. மழை விடவில்லை. துணிகளை அடுப்படியில்தான் காய வைக்கிறேன்.

இனி நீங்கள் கேட்ட விஷயம். கூடாரங்கள் கழற்றப்பட்டது பற்றிய விசாரணைக்காக நான் கையொப்பம் வைத்து அனுப்ப வேண்டும் என்று தட்டச்சு செய்து அனுப்பிய தாளை எத்தனை தரம் வாசித்தேன் என்று எனக்கே தெரியாது. மடுல்சீமைத் தோட்டத்திலிருந்து வந்து யாத்திரீகர் முகாம் மைதானத்தில் தங்கியிருந்த பத்தொன்பது குடும்பங்களும் தம் விருப்பப்படியே கூடாரங்களை விட்டு வெளியேறின, எவருக்கும் தீங்கு நேரவில்லை, இதை நான் எங்கள் குவாட்டர்ஸ் வேலியருகே நின்று கண்டேன் என்று அதில் இருக்கிறது. வேலியருகே நான் நின்றது மெய். அவர்கள் தங்கள் காலாலேயே வெளியே வந்ததும் மெய். அதனால்தான் கையொப்பம் வைக்க முடியவில்லை.

நீங்கள் கெட்டவர் என்று நான் எழுத வரவில்லை. தோட்டத்தில் அவர்கள் குடியிருந்த லயத்துக் காம்பராக்களைப் பூட்டித் துரத்தியவர்கள் திரும்பத் திறந்துவிடும்வரை இந்த மைதானத்தை விட்டுப் போகமாட்டோம் என்று அவர்கள் வந்து இருந்தபோது, முகாம் அதிகாரியாக மூன்று நாள் அனுமதியை உங்கள் பொறுப்பில் இரண்டு தரம் நீடித்துக் கொடுத்தவர் நீங்கள். மேலிடத்துக் கடிதம் வந்த பிறகுதான் தண்ணீர்க் குழாயைப் பூட்டினீர்கள். அன்று பின்னேரம் கூடாரத்துப் பெண் ஒருத்தி, ரெங்கம்மா, குடத்தோடு நம் பின்வேலிக்கு வந்தாள். நான் நம் குழாயைத் திறந்துவிட்டேன். அதற்குப் பிறகு தினமும் திறந்தேன். இதை இவ்வளவு நாளும் உங்களுக்குச் சொல்லவில்லை.

அவளுக்கும் கைக்குழந்தை, நாலு மாதம். நான் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு கௌசலாவைக் குளிப்பாட்டுவதைப் பார்த்து ஒரு நாள் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்னங்கம்மா, பொஸ்தகத்தப் பாத்துக்கிட்டா புள்ளைக்கித் தண்ணி ஊத்துறது? புள்ள நடுங்குது பாருங்க," என்று சொல்லி வாங்கிக் காலில் போட்டு, ஒரு முனகல் இல்லாமல் குளிப்பாட்டித் தந்தாள். பிறகு அது வழக்கமாகிவிட்டது.

அப்படி ஒரு நாள்தான் பெரட்டைப் பற்றிச் சொன்னாள். தோட்டத்தில் விடிய ஆறு மணிக்கு மணி அடித்துப் பெயர் கூப்பிடுவார்களாம். வரிசையில் நின்றவர்களுக்குத்தான் அன்றைய வேலை. இடையில் விலகினால் அதுவும் இல்லை. "மணி அடிச்சா நம்மாளு காலு வீட்டுக்குள்ள நிக்காதும்மா. எம் மாமியா செத்த அன்னைக்கிக்கூட எந்திரிச்சு வெளிய போயி நின்னுட்டேன். அப்பறந்தான் ஞாபகம் வந்துச்சு," என்றாள். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

இரவுச் சாப்பாட்டில் அதை உங்களுக்கு வேடிக்கையாகச் சொன்னேன். நீங்களும் சிரித்தீர்கள். பிறகு கையைத் தட்டிலே வைத்தபடி, வேறு இடத்தில் மணி அடித்தாலும் வருவார்களா என்று கேட்டீர்கள். கட்டாயம் வருவார்கள் என்றேன். சோதனையில் விடை தெரிந்த பிள்ளை மாதிரிச் சொன்னேன், அத்தான். ஆள் இருக்கிற கூடாரத்தில் கை வைக்கக்கூடாது, ஆளில்லாததைக் கைவிட்டுப்போனதாக எடுத்துக் கழற்றலாம் என்ற உங்கள் முகாம் கந்தோர்ச் சட்டம் எனக்குத் தெரியாததா? அவர்கள் ஒவ்வொரு கூடாரத்திலும் ஓராளை எப்போதும் இருக்க வைத்தது அதற்காகத்தான் என்பதும் தெரியும். தெரிந்திருந்தும் அந்த நேரம் என் புத்திக்கு எட்டவில்லை.

அதற்கு நாலாம் நாள் விடிய நீங்கள் முகாம் வாசலில் தொங்கும் தண்டவாளத் துண்டில் மணி அடிப்பித்தீர்கள். கிழவர், பிள்ளைகள், நித்திரைக் கண்ணோடு எல்லாரும் வந்து வரிசையாக நின்றார்கள். ஒருவரும் சொல்லவில்லை, தாங்களாகவே நின்றார்கள். அனுமதிச் சீட்டைப் பார்த்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டீர்கள். ரெங்கம்மா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, இருக்கேங்க சாமி என்றாள். அவர்களுக்குப் பின்னால் உங்கள் ஆட்கள் கயிறுகளை அறுத்தார்கள். சத்தம் கேட்டும் முன்வரிசைக்காரர் திரும்பவில்லை. பெயர் கூப்பிட்டு முடியவில்லையே.

அடுத்த நாள் பொலிஸ் தடியோடு வர இருந்தது, ஒரு அடி விழாமல் முடித்துவிட்டேன் என்று அன்று என்னிடம் சொன்னீர்கள். சொன்னபோது உங்கள் முகம் உங்கள் முகமாக இல்லை. மத்தியானம் சோறும் உண்ணவில்லை. அதை நான் மறக்கவில்லை.

முந்தாநாள் ரெங்கம்மா வந்தாள். வெறுங்கையோடு வந்தாள். குழந்தை எங்கே என்று கேட்டேன். மூன்று நாள் பஸ் நிலையத்தில் மழைச் சாரலில் கிடந்ததாம். நாலாம் நாள் தார்ப்பாய்க்கடை ஷுக்ரி நானா தன் சாமான் கொட்டகையைத் திறந்துவிட்டாராம். அதற்குள் குழந்தைக்கு நெஞ்சில் சளி கட்டிவிட்டது. "ஆஸ்பத்திரிக்கித் தூக்கிட்டுத்தான் போனோம்மா," என்றாள். உள்ளே கௌசலா அழுதாள். போய்த் தூக்க எனக்கு வெட்கமாக இருந்தது.

பிறகு அவள் சொன்னதைத்தான் உங்களுக்கு எழுத வேண்டும். அவளுடைய மாமனார் தோட்டத்தில் இருபது வருஷம் மணி அடித்தவர். "அவருதான் ஐயாவுக்குச் சொல்லிக் குடுத்துட்டாருன்னு பேசுறாங்கம்மா. இல்லாட்டி டவுன்ல இருக்கிற ஐயாவுக்குப் பெரட்டப் பத்தி எப்புடித் தெரியும்? எம் புருசனே நம்புறாரு. புள்ளையப் பொதைக்கயில அந்த மனுசன ஒரு புடி மண்ணு போட விடல." மாமனார் இப்போது கொட்டகைக்கு வெளியே, தனியாக, வாசற்படியில் இருக்கிறாராம். ஒருவரும் பேசுவதில்லையாம்.

நான் வாய் திறக்கவில்லை. போகும்போது அவள் கேட்டது ஒன்றுதான். "நீங்க படிச்சவங்க, கண்ணால பாத்தவங்க. நாங்களாப் போகலன்னு மட்டும் வெசாரணையில சொல்லுங்கம்மா." அவர்கள் தாமாகப் போனார்கள் என்று பதிந்துவிட்டால், கோரிக்கையையும் கைவிட்டார்கள் என்று தோட்டத்தில் அந்தக் காம்பராக்களை வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிடுவார்களாம். அவர்களுக்குத் திரும்ப வேறு இடமில்லை.

தாளைக் கையொப்பம் இல்லாமலே இதோடு வைத்திருக்கிறேன். உத்தியோகம் போனால் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதத் தைரியம் இல்லை. பிள்ளையை நினைத்தால் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நாளைக்கு விடிய ஷுக்ரி நானாவின் கொட்டகைக்குப் போகப் போகிறேன். மணி விஷயத்தை உங்களிடம் சொன்னவள் நான்தான் என்று, அந்த மனிதருக்கும் மற்றவர்களுக்கும் முன்னால் சொல்வேன். ரெங்கம்மா அதற்குப் பிறகு என் முகத்தில் விழிக்காமல் விடலாம்.

இருபத்தாறாம் திகதி விசாரணைக்கும் பிள்ளையோடு வருகிறேன். என்னைக் கேட்டால் கண்டதைச் சொல்வேன். அதற்கு முன், அத்தான், நீங்களே எழுந்து சொல்லிவிடுங்கள். மேலிடம் என்ன சொன்னது, பொலிஸுக்கு எவ்வளவு பயந்தீர்கள், எல்லாவற்றையும் சேர்த்தே சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் நான் உங்கள் பக்கத்தில் இருப்பேன். எந்த ஊருக்கு மாற்றினாலும், வேலையே இல்லாமல் போனாலும், கூட வருவேன்.

மழையில் நனையாதீர்கள். நல்லூர்க் கந்தன் உங்களுக்கு நல்ல புத்தியும் நீண்ட ஆயுளும் தர வேண்டும் என்று விளக்கு வைக்கும்போதெல்லாம் கும்பிடுகிறேன். அந்தச் சபையில் உங்களுக்கு எதிரே என்னை நிற்க வைத்துவிடாதீர்கள்.

என்றும் உங்கள்,
யோகமலர்