முதுகைக் காட்டி நிற்கும் பிள்ளைகள்

ஆகஸ்ட் 14, வியாழன்

விடிந்ததிலிருந்து கச்சான், மேற்கிலிருந்து வரும் வெக்கைக் காற்று. மகள் ஹனாவின் சட்டை கொடியை விட்டுப் பக்கத்து வளவுக்குப் போய்விட்டது. கேட்டு வாங்கி வந்தேன். வெயிலுக்குத் தலை கிறுகிறுப்பு.

கல்முனை நூலகத்திலிருந்து அழைப்பு. சிறுவர் புத்தக ஓவியக் கண்காட்சி சனியும் ஞாயிறும். என் முதல் புத்தகத்தின் ஏழு படங்களும் மாட்டியாகிவிட்டதாம். பேசியவருக்கு ஒரு சந்தேகம். "டீச்சர், உங்கட படத்துல புள்ளையள் எல்லாம் முதுகக் காட்டிக்கிட்டுத்தானே நிக்கிறாங்க, அது ஏன்?"

அப்படித்தான் வரும் என்றேன். படத்துல உயிருள்ளதுக்கு முகம் கீறக் கூடாது மகள் என்று வாப்பா சின்ன வயதிலேயே சொல்லிவிட்டார். அவர் மௌத்தாகி ஐந்து வருடம். என் கை இன்னும் அவர் பேச்சைக் கேட்கிறது.

செய்ய:
ஆட்டோ சொல்லி வைக்க
ஹனாவுக்கு நகம் வெட்ட
ஐந்தாவது படம் பற்றி உம்மாவிடம் வாய் திறக்காமல் இருக்க

ஐந்தாவது, பிள்ளைகள் கடற்கரையில் வரிசையாக நின்று பட்டம் பார்க்கும் படம். வலது ஓரத்தில் நிற்பவள் என் தங்கை ரிஸ்னா. சுனாமியில் போகும்போது எட்டு வயது. வீட்டோடு அல்பமும் போயிற்று, ஒரு போட்டோ மிஞ்சவில்லை. கதையில் அவள் பெயர் கிடையாது. யாருக்கும் சொல்லவுமில்லை. உம்மா தானாகக் கண்டுபிடிக்க வேண்டும்.

கண்டுபிடிக்காவிட்டால்? உம்மாவும் அவளை மறந்துவிட்டார் என்று ஆகும். அந்தப் பயம்தான் எனக்கு.

ஆகஸ்ட் 15, வெள்ளி

ஜும்ஆ முடிந்து ஹனாவின் வாப்பா தர்ப்பூசணியோடு வந்தார். உள்ளே வெள்ளை. தட்டிப் பார்த்துத்தான் வாங்கினாராம்.

உம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தார். சும்மா கேட்பது போல் கேட்டேன். "உம்மா, ரிஸ்னா என்னை விட நிறமா?"

"இது நேத்தைய மீன்" என்றார். "இனி அவனிட்ட வாங்க வேணாம்."

எப்போதும் இதுதான். பெயரை எடுத்தால் மீன், உப்பு, மழை.

பகலில் கண் சொருகியது. கடல் சத்தம் அறைக்குள் வந்து வந்து போனது. தூக்கமா விழிப்பா தெரியவில்லை. நூலகச் சுவரிலிருந்து என் பிள்ளைகள் ஒவ்வொருவராக இறங்கி நடந்தார்கள். ஒருத்தியும் திரும்பவில்லை. முன்னால் ஓடிப் பார்க்க நினைத்தேன், கால் வரவில்லை. எழுந்தபோது அஸர் தொழுகைக்குப் பாங்கு.

ஆகஸ்ட் 16, சனி

போனோம். நாலு பேரும் ஒரே ஆட்டோ. ஹனா என் மடியில்.

உள்ளே ஒரு சுவர் முழுக்க மழை. அடுத்ததில் பலாப்பழத்துக்குள் குடியிருக்கும் பூனை, ஜன்னலில் திரைச்சீலை வேறு. வெளியே இருந்த வெயில் மறந்தே போனது. எல்லோரும் மெதுவாக நடந்தார்கள், மெதுவாகப் பேசினார்கள். தண்ணீருக்கடியில் நடப்பது போல் இருந்தது.

ஹனா காதுக்குள்: "உம்மா, இந்த வீட்டுக்குள்ள போகலாமா?"
யாரோ ஒருவர்: "யானைக்கு நகம் கூடிப் போச்சு."
ஹனாவின் வாப்பா ஒரு பெயர்ச்சீட்டும் விடாமல் வாசித்தார். படத்தைப் பார்த்த மாதிரி இல்லை.

என் படங்களிடம் வந்தோம். உம்மா முதலாவதில் நின்றார். இரண்டு, மூன்று, நாலு. ஐந்தாவதைப் பார்த்தார். நிற்கவில்லை. நேரே எதிர்ச் சுவருக்குப் போய் ஓர் எருமையின் முன்னால் நின்றுகொண்டார்.

திருக்கோவில்காரர் ஒருவர் வரைந்த எருமை. முதுகில் கொக்கு. அரை மணித்தியாலம் அதன் முன்னால். கூப்பிட்டும் அசையவில்லை. "நல்ல எருமை" என்றார், திரும்பாமல்.

எருமைமேல் பொறாமைப்பட்ட ஒரே பெண் நானாகத்தான் இருப்பேன். அதற்கு முகம் இருக்கிறது, அதனாலா? வீடு வரும்வரை உம்மாவோடு கதைக்கவில்லை. அழுகை வந்தது, ஹனா பார்ப்பாள் என்று விழுங்கினேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

காற்று விழுந்துவிட்டது. மரம் அசையவில்லை. தேத்தண்ணிக்குச் சீனி முடிந்தது.

உம்மா ஹனாவை முன்னால் இருத்தித் தலை வாரிக்கொண்டிருந்தார். பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டேன். "அந்த எருமையில அப்பிடி என்ன இருந்த உம்மா?"

"எருமையா? அத ஆரு பார்த்த? கண்ண வேற எங்கயாச்சும் வைக்கணும் எண்டு நிண்ட." சீப்பு நிற்கவில்லை. "அவள ஏன் ஓரத்துல நிப்பாட்டி வெச்சிரிக்காய்?"

"முகமே இல்லையே உம்மா" என்றேன்.

"முகத்த ஊரே பார்த்த. ஒவ்வொரு நாளும் காலைல இப்பிடி முன்னால இருத்தித் தலை வாரினது நான்தானே மகள். பின்பக்கம் எனக்குத்தான் தெரியும். ஒரு பின்னல் மேல, ஒண்டு கீழ. அவசரத்துல என்ட கையால வந்த பிழை அது."

புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். ஓம், ஒன்று மேலே, ஒன்று கீழே. யோசித்துக் கீறவில்லை நான்.

கண்காட்சி இன்று ஐந்து மணியோடு முடிகிறது. இப்போது மூன்றரை. உம்மா அபாயா போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறார். ஹனா வேண்டாமாம், மருமகன் வேண்டாமாம், நானும் அவரும் மட்டும் போக வேண்டுமாம்.