எத்தனை நாள் லீவு

அக். 6, ஞாயிறு

அக்டோபர் வந்தும் புழுக்கம் விடவில்லை. ஹால் ஏசி மறுபடி ஒழுகுகிறது. கீழே பக்கெட். வாட்ச்மேனிடம் சொன்னால் "கல் ஆயேகா, ஆன்ட்டி." ஏசி ஆள் நாளை வருவானாம். அவனுடைய நாளை எப்போது வரும் என்று எனக்குத் தெரியும்.

செவ்வாய் காக்கா வருகிறார், அமெரிக்காவிலிருந்து. என் ஒரே அண்ணன். ஊரில், கீழக்கரையில், சாச்சா (வாப்பாவின் தம்பி) வீட்டுக் கல்யாணம், போகிற வழியில் ஷார்ஜாவில் எங்களோடு இரண்டு நாள்.

வாங்க: ஆட்டுக்கறி. நெய். தேங்காய் (டின் பால் வேண்டாம்). வட்டிலப்பத்துக்கு முட்டை. தலையணை உறை. இன்னொரு பக்கெட்.

மகன் இர்ஃபான் விஷயம் காக்கா காதுக்குப் போகக்கூடாது என்று இவர் உத்தரவு. இவர் என்றால் என் வீட்டுக்காரர், இங்கே ரோலா பஜாரில் துணிக்கடை சேல்ஸ்மேன், மானம் பெரிது. சரி, நான் வாயைத் திறக்கவில்லை. இங்கே எழுதிக்கொள்கிறேன்.

இர்ஃபான் பிறந்தது இங்கே. பள்ளிக்கூடம் இங்கே. இருபத்தைந்து முடிந்த பையன் தகப்பன் விசாவில் இருக்கக்கூடாது, அது சட்டம். வேலை அமையும்வரை என்று ஃப்ரீ விசா வாங்கினோம். பெயர்தான் ஃப்ரீ, காசு கொடுத்து வாங்குவது. விசா ஒரு கம்பெனி பெயரில், வேலை வேறெங்கோ. அந்தக் கம்பெனிக்கு போர்டு மட்டும் உண்டு. தப்புதான். எங்கள் கட்டடத்தில் பாதிப்பேர் அப்படித்தான் இருக்கிறார்கள்.

எல்லாரும் காசைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு வருவார்கள். இவர் ரசீது கேட்டார். ஃப்ரீ விசாவுக்கு ரசீது! வளைகுடா முழுக்கத் தேடினாலும் இப்படி ஒரு மனிதர் கிடைக்கமாட்டார். முதலில் விளையாட்டுக்குக் கேட்கிறார் என்று விசா விற்ற ஆள் சிரித்திருக்கிறான். இவர் மூன்று தடவை போனில் கேட்டதும், புகார் கொடுக்கத்தான் கேட்கிறார் என்று பயந்துவிட்டான். தான் தப்பிக்க முந்திக்கொண்டு "என் ஆள் ஓடிப்போய்விட்டான்" என்று இர்ஃபான் பெயரில் அரசாங்கத்தில் பதிவு செய்துவிட்டான். ஐடி புதுப்பிக்கப் போன இடத்தில்தான், விசா ரத்தாகிவிட்டது என்று பிள்ளைக்கே தெரிந்தது.

எங்கே ஓடினான்? ரோலாவில் பிறந்தான், ரோலாவில் இருக்கிறான்.

விசா இல்லாதவர்களுக்கு இப்போது பொதுமன்னிப்பு நடக்கிறது. வேறு கம்பெனி விசா தந்தால் இங்கேயே இருக்கலாம். இல்லாவிட்டால் அபராதம் இல்லாமல் நாட்டை விட்டுப் போகலாம். இர்ஃபான் வேலை பார்க்கும் விளம்பரக் கம்பெனியில் பாஸ் "பார்க்கலாம்" என்றிருக்கிறார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

அக். 8, செவ்வாய்

காக்கா வந்தாச்சு. தலை முழுக்க நரை, அத்தர் மட்டும் பழைய அத்தர். பெட்டி நிறைய பாதாம். வளைகுடாவுக்குப் பாதாம் கொண்டுவந்த மகராசன். எனக்கு வைட்டமின் மாத்திரை. டீயில் சீனி வேண்டாமாம், வட்டிலப்பம் மட்டும் மூன்று துண்டு.

சாப்பாட்டில் போனை வைத்துக்கொண்டு அமெரிக்கச் செய்தி. ஆட்களைப் பிடித்து அனுப்புவது பற்றி.

"அனுப்பத்தான் வேணும் மச்சான். நாங்கல்லாம் முறையா வந்தோம், வரிசையில நின்னோம். இவனுங்க வேலி ஏறிக் குதிச்சிட்டு சிட்டிசன்ஷிப் கேக்குறானுங்க. அப்ப ஒழுங்கா வந்தவன் இளிச்சவாயனா?"

இவரும் தலையாட்டுகிறார். "சட்டம்னா சட்டந்தானே." வாயில் கறித்துண்டு.

இர்ஃபான் தட்டைப் பார்த்தபடி, "மாமா, அங்கேயே பொறந்து வளர்ந்த பிள்ளைங்க?"

"பொறந்துட்டா மட்டும் போதுமா? வாப்பா உம்மா எப்படி வந்தாங்கன்னு பார்க்கணும்ல?"

"ஓகே மாமா. சும்மா கேட்டேன்."

அப்புறம் காக்கா இவர் பக்கம் திரும்பி, "ஆமா, இத்தன வருஷமா இங்க கெடக்குறீங்களே, உங்களுக்கு எப்பத் தருவாங்க சிட்டிசன்ஷிப்?"

இவர் சிரித்தார். "நம்ம மாதிரி ஆளுக்கு இங்க அப்படி ஒரு வரிசையே இல்ல மச்சான். வேலை இருக்குற வரைக்கும் இருப்போம், அப்புறம் கெளம்புவோம்."

வரிசை இருந்திருந்தால் இவர்தான் முதல் ஆள். கையில் ரசீதோடு நின்றிருப்பார்.

இந்த நாட்டைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. சோறு போட்டது, கல்யாண நகையை மீட்டுக் கொடுத்தது. வரும்போதே சொல்லித்தான் கூப்பிட்டார்கள், நீ விருந்தாளி என்று. விருந்தாளி பிள்ளை பெறுவான், அந்தப் பிள்ளைக்கு ஊர் எது என்று கேட்பான் என்றுதான் யாரும் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை.

இர்ஃபான் மிச்சம் வைத்த சோறு அப்படியே இருந்தது. நான்தான் தின்றேன்.

அக். 9, புதன்

ஏசி ஆள் வரவில்லை.

காலையில் காக்கா அடுப்படிக்கு வந்தார். இவர் கடைக்குப் போயிருந்தார், இர்ஃபான் குளித்துக்கொண்டிருந்தான். உத்தரவை மீறிச் சொல்லிவிட்டேன். "அவன் அங்க வந்து படிக்க ஒரு வழி பண்ணுங்க காக்கா. உங்க பேர்ல ஒரு லெட்டர் தந்தாப் போதுமாம்."

கப்பைக் கீழே வைத்தார். குரலைத் தாழ்த்தி, "அவன் இப்ப இல்லீகலா இருக்கானா புள்ள?"

என் அடுப்படியில், நான் பெற்ற பிள்ளைக்கு அந்த வார்த்தை.

"என் பேரைப் போட முடியாதும்மா. அங்க நெலம சரியில்ல. ஏர்போர்ட்ல என்னையே நிறுத்தி வச்சுக் கேள்வி கேக்குறான்."

அப்போதுதான் கேட்டேன். இத்தனை வருடம் கேட்காததை.

"உம்மா திங்களும் வியாழனும் நோன்பு பிடிச்சாங்களே, அது யாருக்காக காக்கா?"

காக்கா விசிட் விசாவில் அமெரிக்கா போனவர். திரும்பவில்லை. பெட்ரோல் பங்கில் ராத்திரி வேலை, கையில் ஒரு காகிதம் கிடையாது. பிடித்து அனுப்பிவிடக் கூடாதே என்று மறைந்த எங்கள் உம்மா வாரம் இரண்டு நோன்பு. கூடவே நானும், பாவாடை கட்டிய வயதில். அந்த நாட்டிலும் ஒரு பொதுமன்னிப்பு வந்தது, அதில்தான் காக்காவுக்குக் காகிதம் கிடைத்தது. சேதி வந்த அன்று தெருவுக்கே நேர்ச்சைச் சோறு. வரிசையாம் வரிசை.

"அது வேற காலம் புள்ள."

"நோன்பு அதே நோன்புதானே."

காக்கா ஹாலுக்குப் போய்விட்டார். டீ ஆறிப்போய்க் கிடந்தது. சிங்கில் ஊற்றிவிட்டேன்.

அக். 10, வியாழன்

காக்கா விடியற்காலை போய்விட்டார். இர்ஃபான் சட்டைப்பையில் டாலர் திணித்தாராம். அவன் அதை மாமா படுத்த தலையணைக்கு அடியில் வைத்துவிட்டான். இப்போது தலையணை உறையோடு என் அலமாரியில்.

மத்தியானம் இர்ஃபான் போன். பாஸ் முடியாது என்றுவிட்டார். ஓடிப்போனதாகப் பதிவுள்ள ஆளை எடுக்க ஆபீஸில் சம்மதிக்கவில்லையாம்.

"இட்ஸ் ஓகே உம்மா. சில்."

என்ன ஓகே.

இவர் கடையிலிருந்து வந்து விஷயத்தைக் கேட்டார். சட்டையைக் கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். "நான் ரசீது கேட்டது தப்பா?" என்றார். தப்பு என்று சொல்ல ஆசை. மூஞ்சியைப் பார்த்ததும் சொல்லவில்லை.

அக். 14, திங்கள்

இர்ஃபானும் இவரும் பொதுமன்னிப்பு சென்டருக்கு. கூடாரம், ஏசி, தண்ணீர் பாட்டில், எல்லாம் மரியாதையாகத்தான் நடந்ததாம். கவுண்டரில் இருந்த அரபிப் பையனுக்கு இவன் வயதுதான். இர்ஃபான் அரபியில் பேசியதும் நிமிர்ந்து பார்த்திருக்கிறான்.

"அரபி எங்க படிச்ச?"

"இங்கதான். ஸ்கூல்ல."

எந்த ஸ்கூல் என்று கேட்டானாம். இவன் சொன்னதும், அந்த ரோட்டில் உள்ள ஷவர்மாக் கடையை அவனும் சொல்லியிருக்கிறான். இரண்டு பேரும் சிரித்திருக்கிறார்கள். மாஷா அல்லா என்றானாம். பிறகு விரல் ரேகை, கண், போட்டோ, வெளியேறும் பெர்மிட்.

"தடை ஒண்ணும் இல்ல, எப்ப வேணும்னாலும் வரலாம்னு சொன்னாங்க," என்று இவர் சந்தோஷமாகச் சொல்கிறார். வரலாம், டூரிஸ்ட்டாக.

வெந்தயம், சோப்புத்தூள் தீர்ந்துவிட்டது.

அக். 17, வியாழன்

ஷார்ஜா ஏர்போர்ட். இர்ஃபானுக்கு ஒரே பெட்டி. பள்ளிக்கூட ஃபுட்பால் ஜெர்ஸியை எடுத்தான், வைத்தான், கடைசியில் எடுத்துக்கொண்டான். ஊரில் எந்தக் கடையில் முடி வெட்டுவது என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. அழுதேன், அங்கேயே, எல்லாரும் பார்க்க.

திரும்பும்போது ரோலா பஸ்ஸில் இவர் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். நான் விலக்கவில்லை.

அக். 20, ஞாயிறு

ஏசி ஆள் வந்தான். சரியாகிவிட்டது. வீடு குளிர்கிறது.

கீழக்கரையில் கல்யாணம் முடிந்தது. குடும்ப குரூப்பில் போட்டோ. காக்காவும் இர்ஃபானும் பக்கத்தில் பக்கத்தில், தோளில் கை. இர்ஃபானுக்கு வேட்டி நிற்கவில்லை, பெல்ட் போட்டிருக்கிறான்.

ராத்திரி அவனே கூப்பிட்டான். பந்தலில் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்டார்களாம். வளைகுடாவிலிருந்து யார் போனாலும் கேட்பது. எத்தனை நாள் லீவு, எப்பத் திரும்பிப் போற?

"நான் என்ன சொல்றதுன்னு முழிச்சேன் உம்மா. மாமாதான் குறுக்க வந்து, ஒரு மாசம் லீவுல வந்திருக்கான்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டாங்க."

காக்கா. என் காக்கா. பொய் சொல்ல அவருக்குச் சொல்லித்தர வேண்டுமா? நல்லா இருக்கட்டும். கோபம் தீரவில்லை, ஆனாலும் நல்லா இருக்கட்டும்.

போனில் பந்தல் பிரிக்கும் சத்தம்.

"ஒரு மாசம் கழிச்சு என்ன உம்மா சொல்றது?"

லீவை நீட்டிக் குடுத்திருக்காங்கன்னு சொல்லு வாப்பா, என்றேன்.