சாம்பல் என்று நான் சொன்ன மருந்து

அனுப்புநர்:
எ. தாமோதரன், த/பெ எத்திராஜ்,
கீழப்பட்டு கிராமம், நகரி வழி,
புத்தூர் தாலுகா.

பெறுநர்:
மாவட்ட விவசாய அதிகாரி அவர்கள் சமூகம்,
சித்தூர்.

பொருள்: பூச்சிமருந்து கலந்த காராமணி பதிமூன்று வீடுகளில் இருப்பது - ஆடிக் கூழுக்கு முன் அப்புறப்படுத்தக் கோருவது.

மதிப்பிற்குரிய ஐயா,

தெலுங்கு எனக்குப் பேச வரும், எழுத வராது. ஆகையால் தமிழில் எழுதுகிறேன். இதைத் தங்களுக்குப் படித்துச் சொல்பவர் எதையும் சுருக்க வேண்டாம். காரணம் கீழே விளங்கும்.

1. சென்ற கார்த்திகையில் எங்கள் நெல்லில் நாவாய்ப்பூச்சி விழுந்து கதிரெல்லாம் பதராகிக்கொண்டிருந்தது. விவசாய டிமான்ஸ்ட்ரேட்டர் வந்து வீட்டுக்கு வீடு மருந்துப் பொடி கொடுத்தார். அவர் தெலுங்கில் சொன்னதை ஊராருக்குத் தமிழில் சொன்னவன் நான். மூக்கில் துணி கட்ட வேண்டும், வெறுங்கையால் தொடக்கூடாது, மீந்ததைப் புதைக்க வேண்டும், வீட்டுக்குள் வைக்கக்கூடாது என்று கால் மணி நேரம் விளக்கினார். வெயில் ஏறியது, ஜனங்கள் முணுமுணுத்தார்கள். நான், "கத்திரிக்குச் சாம்பல் தூவுற மாதிரிதான், வேற ஒண்ணுமில்லே" என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். தமிழ் தெரியாத அவர் தலையாட்டினார். அவர்மேல் குற்றமில்லை.

2. பூச்சி செத்தது, நெல் தப்பியது. ஊர் என்னைக் கொண்டாடியது, நானும் வெட்கமில்லாமல் மகிழ்ந்தேன். எங்கள் பக்கத்தில் காராமணியை வண்டு துளைக்காமலிருக்கச் சாம்பல் கலந்து பானையில் கட்டிவைப்போம். சமைக்கும்போது அலசிக்கொள்வோம். தை மாதம் காராமணி வீட்டுக்கு வந்தபோது மீந்த பொடி கையில் இருந்தது. சாம்பலைவிட இது மேல் என்று பதினேழு வீடுகளில் அதையே கலந்தார்கள். அதில் என் வீடும் ஒன்று.

3. வைகாசியில் முதல் பானையைத் திறந்தது கூலிவேலை செய்யும் ரங்கன் வீட்டில். இரண்டு பிள்ளைகளுக்கு வலிப்பு கண்டது. காற்றுச் சேஷ்டை என்று வேப்பிலை அடித்தார்கள். மூத்தவள் வெங்கடலட்சுமி, வயது ஒன்பது, மறுநாள் இறந்தாள்; இளையது பிழைத்துக்கொண்டது. துக்கம் கேட்கப் போன நான் பானை அடியில் வெள்ளைப் பொடியையும், வயலில் தூவிய மருந்தின் அதே நாற்றத்தையும் கண்டேன். என் பேச்சைக் கேட்டுத்தான் அந்தக் குழந்தை செத்தது, ஐயா.

4. ரங்கனிடம் உள்ளதைச் சொன்னேன். அவன் எழுந்து போய்ப் பானையைப் புதைத்தான். பிறகு வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். ரங்கன் வீடும் என் வீடும் சேர்த்து நாலு வீட்டுப் பானைகள்தான் புதைக்கப்பட்டன. மழை பொய்த்த வருஷம், தப்பிய நெல்லும் தீர்ந்து வருகிறது; மற்றவர்களுக்கு ஆடி முதல், இன்னும் திறக்காத அந்தப் பானையில் இருப்பதுதான் சாப்பாடு. மணியம்மா என்னும் விதவை கேட்டதை அப்படியே எழுதுகிறேன்: "அன்னிக்கு சாம்பல்னு சொன்னதும் நீதான். இன்னிக்கு விஷம்னு சொல்லிக்கினு வர்றதும் நீதான். நாங்க இன்னாத்த துன்றது, நைனா?"

5. பக்கத்து ஆபீஸ் ஒன்றில் முறையிட்டேன். எல்லை முடிவாகட்டும், உங்கள் ஊர் ஆந்திராவா மதராசா என்று தெரிந்தபின் பார்க்கலாம் என்றார்கள். எந்த ராஜ்யத்துக்குப் போனாலும் பானையும் கூடவேதான் போகும்.

6. வருகிற ஆகஸ்டு 2, ஆடி மூன்றாம் ஞாயிறு, கங்கையம்மனுக்குக் கூழ் வார்க்கிறோம். வீட்டுக்கு அரைப்படி காராமணி வாங்கி ஒரே அண்டாவில் குழம்பு வைப்பது வழக்கம். பதிமூன்று வீட்டுக் காராமணியும் அதில் விழும். முந்நூறு பேர் சாப்பிடுவார்கள். முதல் பந்தி குழந்தைகளுக்கு.

ஆகவே, தமிழ் பேசும் அதிகாரி ஒருவரை அதற்குள் அனுப்பி, தாமோதரன் சொன்னது தவறு என்று ஊர் நடுவில் சொல்லச் செய்ய வேண்டுகிறேன். பானைக்குப் பானை நல்ல காராமணி கொடுத்தால்தான் ஜனங்கள் விடுவார்கள். என்மேல் எந்த நடவடிக்கை எடுத்தாலும் சம்மதம்.

எவரும் வராவிட்டால், முதல் பந்தி உட்காருமுன் அந்த அண்டாவை நானே காலால் உதைத்துக் கவிழ்ப்பேன். அம்மனுக்கு வைத்த அண்டாவைக் கவிழ்த்தவனை ஊர் சும்மா விடாது. அன்று எனக்கு என்ன நேர்ந்தாலும் ஊரார் யார்மீதும் கேஸ் போடக்கூடாது என்று என் முழு மனதோடு எழுதிக் கொடுக்கிறேன்.

இடம்: கீழப்பட்டு
நாள்: 13-7-1959

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கும்
எ. தாமோதரன்
(கையொப்பம்)