பத்மாவுக்குக் கொடுத்த மாத்திரை

1946, புரட்டாசி, செவ்வாய்க்கிழமை

என் மனம் ஓரிடத்தில் நிற்பதில்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்த, தூக்கத்தையும் விரட்டும் மாத்திரையில் ஒன்றை இன்று காலை பத்மாவுக்குக் கொடுத்துவிட்டேன். ஸ்ரீரங்கத்தில் என்னோடு ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து, ஒரே அறையில் தங்கியிருப்பவள். பரீட்சைப் பேப்பர் திருத்த முடியாமல் தூக்கம் வருகிறது என்று கெஞ்சினாள். "காலையில ஒண்ணு, அதுவும் உங்களுக்கு மட்டும்தான்" என்று டாக்டர் சொன்னது நினைவிருந்தும் கொடுத்தேன்.

மதியம் வகுப்பிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டாள். ஜட்கா வண்டியில் ஏற்றி டாக்டரிடம் கொண்டுபோய் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை.

"அவங்களுக்கு நெஞ்சு பலவீனம்னு தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது. நான் கேட்கவே இல்லை.

மருந்தின் வேகம் குறையும்வரை பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்வதுதான் வழி என்றார். சாயங்காலம்வரை அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நாடி என் விரலுக்கடியில் ஓடிக்கொண்டே இருந்தது. ஒருவழியாக அதன் வேகம் தணிந்ததும் கண்ணைத் திறந்தாள்.

"பேப்பர் பாதிதான் முடிஞ்சிருக்கு. நாளைக்கு இன்னொண்ணு குடுப்பியாடி?"

மாட்டேன் என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அறைக்குத் திரும்பியதும் மாத்திரை டப்பியை என் தலையணைக்கடியில் வைத்திருக்கிறேன். பத்மா இன்னும் தூங்கவில்லை. நான் எழுதுவதையே பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறாள்.